கடலூர்க் கரையும் கட்டுமரமும்

கடலூர்க் கரையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்ட சரித்திரம் பெரும்பாலும் கோட்டைகளின் சரித்திரமாகவும் பீரங்கிகளின் சரித்திரமாகவுமே இருந்துவிட்டது. 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் செஞ்சியிலிருந்த மராத்திய அரசரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியதையும், பீரங்கிக் குண்டு பாய்ந்து விழுந்த தூரம் வரையில் உள்ள ஊர்களெல்லாம் தமக்கே சொந்தம் என்று எல்லை வகுத்ததையும், அவ்வூர்கள் அதனாலேயே குண்டு கிராமங்கள் எனப்பட்டதையும், 1746-இல் சென்னைப்பட்டினம் பிரெஞ்சுக்காரர் வசமானபோது சோழமண்டலக் கரையிலிருந்த ஆங்கிலேயரின் தலைமையிடம் சில ஆண்டுகள் இந்தத் தேவனாம்பட்டினமாகவே இருந்ததையும், 1758-இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி அக்கோட்டையைப் பிடித்து அழித்ததையும், 1783-இல் கடலூருக்கு எதிரே இரண்டு ஐரோப்பியக் கப்பற்படைகள் மோதிக்கொண்டதையும் நாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெருங்கப்பல்கள் எவையும் கரையை வந்து தொடவில்லை என்பதையும், ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்ற கப்பலுக்கும் மணற்கரைக்கும் இடையே முறிந்து புரண்டுகொண்டிருந்த அலைகளைக் கடந்து கடிதத்தையும் மனிதனையும் சரக்கையும் கொண்டு சேர்த்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்களே என்பதையும் அந்தப் பாடப்புத்தகங்கள் சொல்லவில்லை. கோட்டையின் சரித்திரத்தை எழுதியவர்கள் பலர். அந்த அலையின் சரித்திரமோ, அதைத் தாண்டக் கற்ற மரத்தின் சரித்திரமோ தனியே ஒரு பொருளாகக் கருதப்படவே இல்லை.

வடலூரில் இருப்பவர்களுக்குக் கடல் அண்மையில் இருந்தும் அந்நியமானது. குறிஞ்சிப்பாடியும் குள்ளஞ்சாவடியும் கடந்தால் கடலூர், அவ்வளவுதான் தூரம். ஆயினும் இவ்வூரின் கண்கள் ஒரு பக்கம் இராமலிங்க சுவாமிகளின் ஞானசபையையும் மற்றொரு பக்கம் நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கத்தையும் நோக்கியே பழகிவிட்டன. சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் பரவனாற்றில் கலந்து, கடலூர் முதுநகரை அடுத்த உப்பங்கழியை நோக்கி நாள்தோறும் ஓடுகிறது. காலையில் சந்தைக்கு வரும் மீன் கூடை அதே கடலூரிலிருந்து எதிர்த்திசையில் வருகிறது. இந்தப் போக்குவரத்து இருந்தும், கூடையிலுள்ள மீன் எப்படிப் பிடிபட்டது என்று உள்நாட்டார் விசாரிப்பது அபூர்வம். அந்த விசாரணையை ஓரளவு விஸ்தாரமாகச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் பிரயோசனம்.

முதலில் கரையின் இயல்பைச் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரை வளைவு நெளிவின்றி வடக்குத் தெற்காக நேரே கிடப்பது. மேற்குக் கரையின் கொச்சியைப் போல இயற்கையாகவே அமைந்த உள்வாங்கிய துறை இங்கே கிடையாது. தென்பெண்ணையும் கெடிலமும் உப்பனாறும் கடலில் கலக்கும் இடங்களில் கூட முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக்கொண்டு, சிறு படகுகளுக்கன்றி வேறு கலங்களுக்கு வழி விடுவதில்லை. வங்காள விரிகுடாவின் அலையோ எந்தத் தீவாலும் பாறையாலும் தடைபடாமல் நெடுந்தூரம் ஓடிவந்து, கரைக்கு அருகில் நீருக்கடியில் கிடக்கும் மணல் திட்டுகளில் இடறி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வரிசைகளில் முறிந்து விழுகிறது. வடகிழக்குப் பருவக் காற்றின் காலத்தில் இந்த முறியலைகள் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பும். ஐரோப்பியரின் பலமான கப்பற்படகு, கீழே அடிமரமும் பக்கங்களில் ஆணியடித்த பலகையும் கொண்டது, இந்த அலையில் அகப்பட்டால் தரையில் மோதிப் பிளந்துபோகும். ஆகையால் இந்தக் கரையில் வாழ விரும்பியவர்கள் அலையை எதிர்த்து நிற்கும் கலத்தை அல்ல, அலைக்கு இடங்கொடுக்கும் கலத்தையே கட்ட வேண்டியிருந்தது.

கட்டுமரத்தின் அமைப்பு பார்வைக்கு மிகவும் எளிமையானது. தணக்கு, மலைவேம்பு, கல்யாண முருங்கை போன்ற இலேசான மரங்களை நீளவாட்டில் செதுக்கி, முன்புறமாகிய அணியத்தைச் சற்றே கூர்மையாக்கி மேலே வளைந்தெழச் செய்து, மூன்று நான்கு கட்டைகளையோ அதற்கு மேற்பட்டவற்றையோ பக்கம் பக்கமாக வைத்து, குறுக்கே கட்டையிட்டு, இரண்டு முனைகளிலும் தென்னங்கயிற்றால் இறுகக் கட்டிவிடுவார்கள். ஆணி கிடையாது, பலகை கிடையாது, நீர் புகாமல் அடைக்க வேண்டிய இடுக்கும் கிடையாது. நடுக்கட்டைகள் சற்றுத் தாழ்ந்தும் பக்கக் கட்டைகள் சற்று உயர்ந்தும் அமைவதால், அதன்மேல் முழங்காலிட்டு இருப்பவனுக்குக் கால் ஊன்றவும் வலையை வைத்துக்கொள்ளவும் ஒரு பள்ளம் கிடைக்கிறது. கரைக்குத் திரும்பியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் பரப்பி உலர்த்திவிடுவார்கள். ஏனெனில் இலேசான மரம் தண்ணீரைக் குடித்தால் கனத்துப்போகும், கனத்த மரம் அலையேறாது. மறுநாள் விடியுமுன் அதே கட்டைகளை அதே வரிசையில் சேர்த்து மறுபடியும் கட்டுவார்கள். அந்தந்தக் கட்டைக்கு அதற்குரிய இடம் உண்டு. இடம் மாறினால் மரம் ஒரு பக்கமாகச் சாயும். ஒவ்வொரு நாளும் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்படும் கலம் உலகில் வேறெங்கும் இவ்வளவு நீண்ட காலம் நிலைத்திருந்ததா என்று எண்ணுகையில் ஆச்சரியம் உண்டாகிறது.

இதன் சூட்சுமம் முழுவதும் அந்தக் கட்டைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் இருக்கிறது. படகு மிதப்பது தனக்குள்ளே காற்றை அடைத்துக்கொண்டிருப்பதால். அதில் நீர் நிறைந்தால் அது மூழ்கும். கட்டுமரம் மிதப்பது மரத்தின் இலேசான தன்மையால்; அதில் நீர் நிறைய இடமே இல்லை. முறியலை ஆள்மேல் விழுந்து, மரத்தின்மேல் புரண்டு, கட்டைகளின் இடுக்குகள் வழியே தானாகவே வடிந்துவிடும். மரம் கவிழ்ந்தாலும் அது மூழ்காது. விழுந்தவன் நீந்திவந்து, அதைப் பிடித்து, புரட்டி, மறுபடியும் ஏறிக்கொள்வான். வடதுருவத்தை அடுத்த பனிக்கடல்களில் வாழும் இனுவிட் மக்கள் தோலால் போர்த்திய கயாக் என்னும் ஒற்றையாள் படகைக் கட்டினார்கள். அவர்களுடைய கடல் உறைகுளிருடையதாகையால் ஆளும் தோணியும் நீர் புகாத ஒரே உறையாக இருப்பது அவர்களுக்கு அவசியமாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியாக் கரையின் அலை விளையாட்டு வீரர்கள் அந்தக் கயாக்கை மாற்றி, ஆள் உள்ளே அமராமல் மேலே அமரும்படியும், ஏறிய நீர் துளைகள் வழியே வடிந்துபோகும்படியும் அமைத்துக்கொண்டார்கள். இன்று அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நியூசிலாந்திலும் அலைக்கரைகளிலிருந்து தனியாளாகக் கடலுக்குள் சென்று தூண்டிலிடுபவர்கள் பெரும்பாலும் இவ்வகைக் கயாக்கையே பயன்படுத்துகிறார்கள். ஆள் மேலே இருக்க வேண்டும், நீர் வழிந்தோட வேண்டும், கவிழ்ந்தால் மீண்டும் ஏற வேண்டும் என்ற அந்த மூன்று நியதிகளும் தேவனாம்பட்டினத்து மீனவருக்குப் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே கைவந்தவை. யாரும் யாரிடமிருந்தும் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை; ஒரே விதமான அலை ஒரே விதமான புத்தியை இரண்டு இடங்களில் கற்பித்திருக்கிறது.

இவ்வாறு சொல்லும்போது, கட்டுமரத்தைப் பழங்கால மனிதனின் கைத்திறன் குறைந்த மிதவை என்று ஒதுக்கியவர்களுடைய அபிப்பிராயம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும். 1690-இல் சென்னைக்கு வந்த வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697-இல் வெளியிட்ட தமது உலகப் பிரயாண நூலில் இந்த மரத்தைப் பிரஸ்தாபிக்கும்போது, ஒன்றிரண்டு கட்டைகளாலான சிறிய மரத்தில் ஒற்றை மனிதன் செல்வதையும், அவனுடைய கால்களும் இருக்கையும் எப்போதும் தண்ணீரிலேயே இருப்பதையும் வியப்புடன் குறித்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் வந்த பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பிற்காலத்தில் அட்மிரலாக உயர்ந்தவர், இக்கரையின் கட்டுமரங்களையும் சலங்கு என்னும் படகுகளையும் அளவெடுத்துத் துல்லியமான படங்களாக வரைந்து பதிப்பித்தார்; நம்மவர் எவரும் செய்யாத காரியத்தை ஓர் அந்நியர் செய்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றி அதன் தலைமைப் பதவியும் வகித்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி வங்காள ஆசியக் கழகத்தின் வாயிலாக ஒரு நீண்ட ஆராய்ச்சியை வெளியிட்டு, மீனவரின் கலத்தைச் சாஸ்திர ஆராய்ச்சிக்கு உரிய வஸ்துவாகவே உயர்த்தினார்.

சென்னையின் நிலைமை கட்டுமரத்தின் கௌரவத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது. 1861-இல் இரும்புப் பாலத்துறை கட்டப்படும் வரையில், அதன்பின் செயற்கைத் துறைமுகம் எழும்பும் வரையில், அந்தப் பெருநகரத்தின் வாணிபம் முழுவதும் அலையைக் கடந்தே நடக்க வேண்டியிருந்தது. பிரயாணிகளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் ஏற்றிச் சென்றன. அவை பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்தவை. அலை மோதினால் பிளக்காமல் வளைந்துகொடுப்பவை. அவற்றின் பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் துணைக்கு வருவார்கள். படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தவர்களைத் தூக்கியெடுத்து மரத்தில் போட்டுக்கொண்டு கரை சேர்ப்பது அவர்கள் கடமை. அப்படி உயிர் காத்தவர்களுக்குக் கம்பெனியார் பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியதும் உண்டு. கடல் கொந்தளித்து மசூலாப் படகு இறங்க முடியாத நாட்களில், நங்கூரமிட்ட கப்பலோடு தொடர்பு கொள்ள இருந்த ஒரே வழி கட்டுமரம்தான். மீனவன் ஓலையாலோ பாயாலோ முடைந்த தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துத் தலையில் இறுக அணிந்துகொண்டு, அலையில் தள்ளப்பட்டும் ஏறியும், மறுபடியும் தள்ளப்பட்டும் ஏறியும், கப்பலின் பக்கத்தைப் பிடிப்பான். பேரரசொன்றின் உத்தரவுகள் ஒரு மீனவனின் தலைத்தொப்பியில் பிரயாணம் செய்த காலம் அது. கடலூர்த் துறையிலும் கப்பல்கள் எட்டத்தில் நின்றனவாகையால் இதே ஏற்பாடே இங்கும் வேண்டியிருந்தது.

அலையைக் கடப்பதில் உள்ள சாமர்த்தியத்தைச் சற்றே நிதானித்துச் சொல்ல வேண்டும். பெரிய அலைகள் ஓயாமல் ஒரே விதமாக வருவதில்லை. சில அலைகள் கூட்டமாகப் பலத்துவந்து முறிந்தபின் கடல் சிறிது நேரம் தணிந்து நிற்கும். அந்தத் தணிவை முன்கூட்டியே அறிந்து, இடுப்பளவு நீரில் மரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, உரிய கணத்தில் தள்ளி ஏறித் துடுப்பைப் போட வேண்டும். முறியும் அலைக்கு மரத்தின் அணியம் நேராக நிற்க வேண்டும். சற்றே பக்கம் திரும்பினாலும் அலை மரத்தை உருட்டிவிடும். திரும்பி வரும்போது இன்னும் அதிக விவேகம் வேண்டும்; அலையின் முகப்பில் அகப்படாமல் அதன் முதுகில் ஏறிக் கரையை எட்ட வேண்டும். இதை எந்த நூலும் கற்பிப்பதில்லை. தந்தையின் பின்னால் மரத்தில் உட்கார்ந்து பழகிய சிறுவனின் தேகமே அதைக் கற்றுக்கொள்கிறது. கடலின் ஓட்டத்தையும் அவர்கள் பெயரிட்டு அறிவார்கள்: வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனப் பெயர்கள். ஆழத்துக்குப் பாகம் என்று அளவை. நீருக்கடியில் மீன் கூடும் பாறைத் தரைக்குப் பார் என்று பெயர். கரையிலுள்ள கோபுரம் ஒன்றும் மரம் ஒன்றும் ஒரே கோட்டில் வருவதைக் கொண்டு நடுக்கடலில் தாம் நிற்கும் இடத்தை நிர்ணயிக்கும் முறையையும் இக்கரையினர் நெடுங்காலமாக அறிவர்.

சுறாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சரித்திரம் பூர்த்தியாகாது. தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தொழில் செய்பவனுக்குச் சுறா வெறும் மீன் அல்ல. குறுந்தொகையில் ஒரு நெய்தல் தலைவி, சுறா தாக்கிய புண் ஆறித் தன் தந்தை மறுபடியும் கடலுக்குப் போய்விட்டான் என்றும், தாய் உப்புக்கு நெல் மாற்றிவர உப்பளத்துக்குப் போய்விட்டாள் என்றும் சொல்கிறாள். காதலனுக்கு வீட்டில் யாரும் இல்லை என்று அறிவிக்கும் அந்தப் பேச்சினூடே, பழங்காலத்து மீனவக் குடும்பம் ஒன்றின் ஜீவனம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது: புண் ஆறியவுடன் அதே கடலுக்குத் திரும்பும் தகப்பன், உப்பால் நெல்லைத் தேடும் தாய். பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், கடலுக்குப் போகாத நாளில், சினையுற்ற சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டதைக் காட்டுகிறது. அந்தக் கொம்புடைய மீன் வேளா எனப்படும் வாள்சுறாவாகவே இருத்தல் வேண்டும். எதைக் கண்டு அஞ்சினார்களோ அதன் கொம்பிலேயே தெய்வத்தை நிறுத்தினார்கள் அந்த மக்கள்.

அந்த அச்சம் மன்னார்க் கடலில் ஒரு பதவியையே உண்டாக்கியது. முத்துக் குளிப்போர் மூழ்கும்போது சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் மந்திரக்காரரான கடல்கட்டி இல்லாமல் யாரும் மூழ்கச் சம்மதிப்பதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்த மந்திரக்காரர்களுக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாகக் கொடுக்கப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் முத்துக்குளிப்பை நடத்திய ஆங்கில அரசாங்கத்தாரும், மந்திரத்தில் நம்பிக்கை இல்லாதபோதிலும், கடல்கட்டியை நியமித்தே தீர வேண்டியிருந்தது. குளிப்பவன் மனத்தில் தைரியம் இல்லையேல் முத்து இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

நம் கரையில் சுறா உணவும் மருந்துமாக இருந்தது. பால்சுறாவின் புட்டு பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கக் கொடுக்கப்படுவது இன்றும் வழக்கம். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து வந்த காட் மீன் எண்ணெய் நின்றுபோகவே, சென்னை மாகாண அரசாங்கம் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்து மருத்துவமனைகளுக்கு வழங்கும் ஏற்பாட்டை மேற்கொண்டது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் நெடுந்தூண்டிலிட்டுச் சுறாப் பிடிப்பதில் இந்தியா முழுவதும் பெயர் பெற்றவர்கள். ஆனால் அதே வேட்டை எல்லை மீறியதன் பயனாகப் பட்டினப்பாலைப் பரதவர் வணங்கிய வேளா இன்று இக்கடலில் காண்பதற்கு அரிதாகிவிட்டது. 2001-இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுறாத் துடுப்பின் ஏற்றுமதியை 2015-இல் மத்திய அரசு தடை செய்தது. இந்தத் தடைகள் நியாயமானவை என்பதே என் கருத்து. ஆயினும், ஒற்றை மரத்தில் போய் ஒரு சுறாவைத் தூண்டிலில் பிடித்தவனால் அந்த இனம் அழியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மீனும் சுறாவும் கூடும் இடம் கடலுக்குக் கடல் வேறுபடும். கலிபோர்னியா, தென்னாப்பிரிக்கா போன்ற குளிர்கடல் கரைகளில் கெல்ப் என்னும் பெருங்கடற்பாசி, பாறையைப் பற்றிக்கொண்டு, சில இடங்களில் நூறடிக்கு மேலும் உயர்ந்து, நீருக்குள் ஒரு வனமாகவே நிற்கிறது. மீன்கள் அதன் நிழலில் கூடுகின்றன, அவற்றைத் தேடிச் சுறாவும் வருகிறது, இரண்டையும் தேடி மனிதனும் போகிறான். நமது வெதுவெதுப்பான கடலில் அந்தப் பாசி வளராது. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிக் கட்டக்கோரையும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் விளைகின்றன. இராமேசுவரத்துப் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி அவற்றைப் பறித்து ஜீவிக்கிறார்கள். 1986-இல் அத்தீவுகள் தேசியப் பூங்காவாக்கப்பட்டபின் அவர்களுடைய பிழைப்பு பெரும் இக்கட்டுக்குள்ளானது. ஆனால் கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள மணற்கடலில் அவ்வகைப் பாசிக்காடும் இல்லை. இல்லாத அந்த நிழலை நம் மீனவர்கள் தாமே உண்டாக்கினார்கள்.

கோலா மீன் பிடிக்கும் முறையை ஹார்னெல் விரிவாக எழுதியிருக்கிறார். சித்திரை கழிந்து கோடை முற்றும் மாதங்களில் பறக்கும் மீனாகிய கோலா முட்டையிடுவதற்காக இக்கரைக்கு எதிரே ஆழ்கடலில் கூட்டங்கூட்டமாகத் திரிகிறது. அதன் முட்டைகள் மிதக்கும் செடிகொடிகளில் இழைகளால் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையவை. இதை அறிந்த மீனவர்கள், சாதாரண மரத்தைவிடப் பெரிதான கோலாமரத்தில் பாய் விரித்து, கரை கண்ணுக்கு மறையும் தூரம் வரை சென்று, இலைதழைகளைக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் கோத்து நீரில் மிதக்கவிடுவார்கள். பாசிக்காட்டைத் தேடியலையும் மீன், அந்தத் தழையைக் கண்டதும் மொய்த்துக்கொண்டு, முட்டையிடும் வேகத்தில் மனிதனையும் பொருட்படுத்தாமல் அதில் உராய்ந்து புரளும். அந்நேரம் கைவலையால் அள்ளிவிடலாம். சமுத்திரத்தின் நடுவே ஒரு கட்டுத் தழையால் ஒரு வனத்தைக் கற்பித்துக் காட்டும் இந்த யுக்தியைப்போல நுட்பமான மீன்பிடி முறையை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஒரு மீனின் பிரசவ இயல்பை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்களைக் கல்வியறிவற்றவர்கள் என்று அரசாங்க அறிக்கைகள் எழுதிவந்தது வருத்தத்துக்குரியது.

வடலூரிலிருந்து எழுதுபவன் மீன்பிடித் தொழிலைப் புகழலாமா என்று சிலர் கேட்கக்கூடும், கேள்வி நியாயமானதே. வாடிய உயிரெல்லாவற்றுக்கும் இரங்கிய இராமலிங்க சுவாமிகள் புலாலை மறுத்தவர். அவர் 1872-இல் திறந்த ஞானசபையின் ஊரில் தைப்பூசத்தன்று புலால் கடை திறப்பதில்லை. எனினும் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1867-இல், அவர் இவ்வூரில் முதலில் நிறுவியது தருமசாலை. அங்கே மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசியைத் தீர்ப்பதையே ஜீவகாருண்யத்தின் பிரதான அங்கமாக வைத்தவரின் நெறியில் நின்று பார்க்கும்போது, விளைநிலம் ஒரு காணியும் இல்லாமல் மணலில் குடிசை போட்டு, அன்றன்றைய அலையைத் தாண்டி அன்றன்றைய கஞ்சியைச் சம்பாதித்த குப்பத்தாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சைவ மரபும் அவர்களை விலக்கவில்லை. நாகைக் கரையில் நாள்தோறும் தன் வலையில் பட்ட முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்ட அதிபத்தர் அறுபத்து மூவருள் ஒருவர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய இடமென்று, கடலூரை அடுத்த கரையேறவிட்ட குப்பம் என்னும் ஊர் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. அடியார் கரை சேர்ந்த இடமாக ஐதீகம் காட்டுவது ஒரு குப்பத்தையே.

குப்பத்தின் உள் நிர்வாகமும் குறிப்பிடத்தக்கது. பட்டினவர் என்னும் மீனவ சமூகத்தின் ஊர்களில் நாட்டார் என்ற தலைவர்களும் ஊர்ப் பஞ்சாயத்தும் சேர்ந்து, எந்தக் காலத்தில் எந்த வலையை இடலாம், எதை இடலாகாது, கரைவலை இழுப்பவர்க்கு எது எல்லை, கடலில் காணாமற்போனவனைத் தேட யார் யார் மரம் இறக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் நிர்ணயித்து வந்தார்கள். எழுதாத இந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின் வந்த பெரிய மாறுதலைத் தாங்க முடியவில்லை. 1950-களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கம் மானியம் கொடுத்து விசைப்படகுகளைப் பரப்பியது. அந்நிய நாடுகளில் இறாலுக்கு விலை ஏறியதும், இழுவைமடிகள் கரைக்கு மிக அருகிலேயே தரையை வாரத் தொடங்கின. கட்டுமரக்காரர் விரித்த வலைகள் இரவில் அறுந்துபோயின; பல கரைகளில் கைகலப்புகளும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன. 1983-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான நீரை நாட்டுக் கலங்களுக்கென ஒதுக்கியது. எழுத்தில் அது நல்ல சட்டம். அதை நடைமுறைப்படுத்துவதில் காட்டப்பட்ட சிரத்தையைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது.

1980-களில் வெளிப்பொறி பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் வரத் தொடங்கின. தணக்கும் மலைவேம்பும் அருகி விலையேறிக்கொண்டிருந்த காலம் அது. படகு வேகமானது, அதிக வலையைத் தாங்குவது. இந்த மாற்றம் படிப்படியாக நடந்துகொண்டிருந்தபோது 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் கரையில் கிடந்த மரங்களும் படகுகளும் சிதறிப் போயின. நிவாரணம் வழங்க வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு கொடுத்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. அடுத்த சில ஆண்டுகளில், அதுவரை இக்கரையின் பெரும்பான்மைக் கலமாக இருந்த கட்டுமரம் சிறுபான்மையாகிவிட்டது. அந்தப் படகுகளை ஏற்றுக்கொண்ட மீனவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. காலையில் இருந்து மாலை வரை உப்புநீரில் ஊறிய காலின் வேதனையை அறியாதவன் பழமையின் அழகைப் பற்றி உபதேசம் செய்வது அழகல்ல. ஆனால் கட்டைகளை வரிசைப்படுத்தவும், முடிச்சுப் போடவும், மரத்தைப் பார்த்தே அதன் மிதப்பை மதிப்பிடவும் தெரிந்த முதியவர்கள் இப்போது குப்பங்களில் அருகி வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்த வித்தையை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதிவைக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது; கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இவற்றுள் ஒன்று ஒரு முழுக் கட்டுமரத்தைக் கயிறு, துடுப்பு, பாய், வலை சகிதமாக வைத்து, அதைக் கட்டுவதையும் அவிழ்ப்பதையும் மாணவர்களுக்கு ஒரு முதியவர் கையாலேயே கற்பிக்க ஏற்பாடு செய்யலாம்.

மரம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2001 முதல் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது; முதலில் 45 நாட்களாக இருந்த அது 2017 முதல் 61 நாட்களாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலூர்த் துறையில் இழுவைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கின்றன. பொறியில்லாத நாட்டுக் கலங்களுக்கு அந்தத் தடை கிடையாது. மீனுக்கு விலை அதிகமாயிருக்கும் அந்த இரண்டு மாதங்களில், கட்டைகளை விற்காமல் வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் அவற்றைக் கட்டி இறக்கித் தூண்டிலோடு போகிறார்கள்.